சீமெண்ணெயும் சோடியமும்

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். சங்கரன்கோவிலில் நான் சயின்ஸ் வாத்தியார், அதுவும் தற்காலிகம். ஐந்தாம் பாரத்துக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்கு, ரசாயனம் விருப்பப் பாடமாகக் கிடைத்தால் வேலை நிரந்தரம், கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான் என்று ஹெட்மாஸ்டர் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். ஊர் ஊராக வீடு மாற்றி எனக்கும் என் மனைவிக்கும் போதும் போதும் என்றாகியிருந்தது.

கல்வி அதிகாரி வந்து சோதனைச்சாலையைப் பார்த்துத்தான் அனுமதி தருவார். சோதனைச்சாலை என்ன பெரிய சோதனைச்சாலை! ஒரு மேஜை, ஒரு பீரோ. நீர்த்த அமிலத்தில் துத்தநாகத்தைப் போட்டால் குமிழி வரும், செம்பைப் போட்டால் சும்மா கிடக்கும். மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் ஆணியைப் போட்டால் ஆணி மேல் செம்பு படியும். போன ஊரில் எல்லாம் இதையே செய்து காட்டி, ஆணியைக் கண்டாலே எனக்குக் கொட்டாவி வந்தது. மின்பகுப்பு முழுக்கக் கரும்பலகையில்தான். உருக்கிய உப்பில் கரண்டை விட்டால் சோடியம் பிரியும் என்று படம் போட்டபோது ஒரு பையன் எழுந்து, "உப்பு தூத்துக்குடியில மலையா கெடக்கு சார். கரண்டு எங்க கெடக்கு?" என்றான். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கம்பி இழுக்கவில்லை.

வினைவேகப்படி அடுக்கிய உலோக வரிசையில் மேலே நிற்கிற சோடியம் கையிருப்பில் இல்லாமல் அனுமதி கிடையாது என்றார்கள். பாளையங்கோட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி நெல்லிக்காய் அளவு வாங்கி வந்திருந்தேன். காற்றும் தண்ணீரும் படாமல் அதைச் சீமெண்ணெயில் முக்கி வைக்க வேண்டும். சீமெண்ணெய் ஊரில் மனிதருக்கே கிடையாது.

அதிகாரி வருகிற அன்று காலை பீரோவைத் திறந்தால், புட்டியில் எண்ணெய் வற்றி அடியில் கசடாகக் கிடக்கிறது. வீட்டுக்கு ஓடினேன்.

"விளக்குக்கே எண்ணெய் இல்ல. இருக்கதும் படபடன்னு பொரிஞ்சுகிட்டுல்லா எரியுது. அதையும் அந்த மண்ணாங்கட்டிக்கு ஊத்தப் போறீயளாக்கும்?" என்றாள் என் மனைவி.

"வேல நிரந்தரமாகணும்லா?"

எண்ணெய் இருந்த தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

பள்ளிக்கூட வாசலிலேயே ஹெட்மாஸ்டர் நின்றார். "புட்டிக்குள்ள இருந்தா யாரு கண்ணுக்குத் தெரியும்? கண்ணாடி ஜாடியில போடும். துண்டு துண்டா நறுக்கிப் போட்டா நெறைய இருக்க மாதிரி தெரியும்லா" என்றார். ஜாடியைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஜாடியில் வீட்டு எண்ணெயை ஊற்றி, சோடியத்தை நறுக்கி உள்ளே போட்டேன். துண்டுகள் எண்ணெயில் இறங்கின. அடியைத் தொடுவதற்கு முன்பே நின்றன, குமிழி விட்டன, விறுவிறுவென்று மேலே வந்தன, மறுபடி முங்கின.

அடப்பாவி! ரேஷன் கடைக்காரன் எண்ணெயில் தண்ணீரைக் கலந்திருக்கிறான். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் தங்கிவிட்டது. சோடியம் போய் அதைத் தொடும். ஹைட்ரஜன் கிளம்பித் துண்டை மேலே தூக்கும். குமிழி உடைந்ததும் துண்டு மறுபடி தண்ணீரில் போய் விழும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரைந்து வரும். இடுக்கியை ஜாடிக்குள் விட்டேன்.

"கைய எடும் வே!"

அதிகாரி எழுந்து மேஜைக்கே வந்துவிட்டார். "என்னமா துள்ளுது! அப்படியே இருக்கட்டும்."

"ஐயா, கையிருப்பே இவ்வளவுதான்..."

"சும்மா இரும். இதுக்கு மேல என்ன பாடம் நடத்தப் போறீரு?"

பையன்கள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். "ஏலே, இந்தா வருது! அந்தா முங்குதுலே!" என்று ஒரே கூச்சல். அதிகாரியே கேள்வி கேட்டார். என்ன வாயு, ஏன் மேலே வருகிறது, ஏன் கீழே போகிறது என்று கேட்கக் கேட்க, வாயைத் திறக்காத பையன்கூட பதில் சொன்னான். என் உத்தியோகத்தில் அப்படி ஒரு வகுப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் மட்டும் துண்டுகள் மிளகாகி, கடுகாகி, காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேஷ், பேஷ்!" என்று என் முதுகில் தட்டிவிட்டு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கேட்டுக் கேட்டு எழுதினார். அமிலம், இருக்கிறது. துத்தநாகம், இருக்கிறது. "சோடியம்?"

நான் ஜாடியைப் பார்த்தேன்.

"அது இப்ப இல்லையே, வே" என்றார். மனமிரங்கித்தான் சொன்னார். "இருக்கதத்தான எழுத முடியும்?"

இல்லை என்றே எழுதிவிட்டார். ஹெட்மாஸ்டர், "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றார். அடுத்த வருஷம் நான் அங்கே இருக்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் ஜாடியில் மேலே நின்ற எண்ணெயை மட்டும் அலுங்காமல் டப்பாவில் வடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி அதை ஊற்றி விளக்கை ஏற்றினாள். அன்று விளக்கு பொரியவே இல்லை. திரியைத் தூண்டிவிட்டாள், வீடு முழுக்க வெளிச்சம்.

"இன்னைக்கு என்னமா எரியுது!" என்று சுளகை இழுத்துப்போட்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் சொன்னேன்.

"எல்லாமே கரைஞ்சு போச்சா?"

"எல்லாமே."

சுளகைக் கீழே வைத்தாள். பிறகு கையை நீட்டித் திரியை இறக்கினாள்.