மதுரைக்குக் குலுங்காமல் போகணும்

போன வாரம் சிவகாசியில் ஒரு டயர் கடை. காருக்குப் புது டயர் போட்டு, வீல் அலைன்மென்ட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஷாக் அப்சார்பர் புதுசு, ரப்பர் புஷ் எல்லாம் புதுசு, டர்போ குழாய்கூடப் புதுசு...

"என்னக்கா, ரேஸுக்கா போறீக?"

"ஆமா. வாரத்துக்கு ரெண்டு தடவை. மதுரைக்கு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்னது ஜோக் இல்லை.

நாங்கள் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் சின்ன அச்சகம் வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத சேதி இது: என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் இரண்டு நாள் மதுரையில் டயாலிசிஸ். காலையில் மெஷின் நமக்கு. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அதில் தப்பு சொல்ல முடியுமா? அவரும் உயிருக்குத்தானே காத்திருக்கிறார்.

ஓட்டுவது நான். கார், அவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய டர்போ டீசல். டர்போ என்பது வேறொன்றுமில்லை — என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஒரு சுழலி. அது ஒழுங்காகச் சுற்றினால் வண்டி பறக்கும். மக்கர் செய்தால்?

கள்ளிக்குடி தாண்டி ஒரு காலையில் மக்கர் செய்தது. டப்பென்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி சைக்கிள் வேகத்தில்தான் போனது. நான்குவழிச் சாலை வேலை நடக்கிற இடம் வேறு. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின. உருண்டு உருண்டு மதுரை போய்ச் சேர்ந்தபோது மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார்.

சாயங்காலம்தான் எங்கள் முறை வந்தது. அதற்குள் அவர் முகம் வீங்கிவிட்டது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, இனி ஒரு நாளும் இப்படி ஆக விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஊருக்கு வந்ததும் கொழுந்தன் முதலில் ஆரம்பித்தான். "மதினி, இந்த வண்டிய வித்துத் தள்ளுங்க. வாடகைக் கார் சொல்லிக்கிருவோம்."

"சீசன்ல கல்யாணத்துக்குப் போயிருக்குன்னு வாடகைக்காரன் சொன்னா என்ன செய்வ?"



விருதுநகரில் காதர் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். டர்போவிலிருந்து காற்று போகும் குழாய் வெடித்திருந்தது. டர்போவின் ஷாஃப்ட்டும் ஆடியது.

"அக்கா, பேசாம டர்போவக் கழட்டிருவமா? சாதா வண்டி கணக்கா ஓடும். தொல்லை இல்ல."

"வேணாம் பாய். கழட்டுனா வண்டி இழுக்காது. லாரியத் தாண்டணும்னா திணறும். ரிப்பேர் பண்ணுங்க. ஏன் கெட்டுச்சுன்னும் சொல்லுங்க."

சொன்னார். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போட்டது ஒன்று. ஓட்டி வந்த சூட்டோடு படக்கென்று என்ஜினை அணைத்தது இன்னொன்று. அணைத்ததும் ஆயில் ஓட்டம் நின்று, கொதிக்கிற டர்போவுக்குள்ளேயே கருகிப் போகிறதாம். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் ஓட விட்டுத்தான் அணைக்கிறேன். வாட்ச்மேன் முறைக்கிறார். முறைக்கட்டும்.

"இம்புட்டு செய்றோம், டர்போ காத்தழுத்தத்தையும் ஏத்திவிடவா? சும்மா சீறும்" என்றார் பாய்.

"சீற வேணாம். நிக்காமப் போகணும், குலுங்காமப் போகணும். அம்புட்டுதான்."

குலுங்காமல் என்பதற்குக் காரணம் இருந்தது. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவருக்குத் தலை சுற்றும். வளைவில் வண்டி சாய்ந்தால், பள்ளத்தில் துள்ளினால் வாந்திதான். பின் சீட்டில் கேரி பேக்கோடு சுருண்டு படுத்துக்கொள்வார். திருமங்கலம் வருவதற்குள் நாலு இடத்தில் நிறுத்துவேன்.

எனவே ஷாக் அப்சார்பர், புஷ், டயர் என்று மாசத்துக்கு ஒன்றாக மாற்றினேன். ஒவ்வொன்றும் மாற்றியபின் ஓட்டிப் பார்த்தேன், திருப்தி இல்லையென்றால் திரும்பப் போய் நின்றேன். "எங்க அண்ணனுக்கு வைத்தியமா, வண்டிக்கா?" என்று கொழுந்தன் கேட்டான். ரெண்டுக்கும்தான் என்றேன். அவை இரண்டும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றவில்லை.

டயர் மாற்றிய மறுநாளே மதுரைப் பயணம். போகும்போது, சாலை வேலை நடக்கிற திருப்பத்தில் ஜல்லி லாரி ஒன்று சிக்னலே போடாமல் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். முன்பென்றால் வண்டி ஒரு பக்கமாக அள்ளிக்கொண்டு போயிருக்கும். அன்று சொன்ன பேச்சைக் கேட்டது — விலகியது, நேரானது, நின்றது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு லாரி வந்ததே தெரியாது.

திரும்பும்போது, "முன்னாடி உக்காரட்டா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு. ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். திருமங்கலம் வந்தது, போனது. நிறுத்தச் சொல்லவில்லை. கள்ளிக்குடியும் தாண்டியது.

பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன இப்படி உருட்டுற? கொஞ்சம் மிதியேன்" என்றார்.

திரும்பும்போது நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே போட்டிருந்த சட்டம் ஒன்று உண்டு. அன்று அதைத் தளர்த்தினேன்.

கேட்கிற தெம்பு அவருக்கு வந்திருக்கும்போது, மிதிக்காமல் எப்படி?