இரண்டு லைன், ஒரு மணி

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் போன் பலகையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெகுகாலம் வெளியே பேச நோர்வூட் டவுனிலிருந்து வரும் லைன் ஒன்றுதான் இருந்தது. மழைக்கு மரம் விழுந்தால் தோட்டமே ஊமையாகிவிடும். அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில் மஸ்கெலியாவிலிருந்தும் ஒரு லைன் இழுத்து, பலகையில் ஒரு கைப்பிடி வைத்தார்கள். மேலே தள்ளினால் நோர்வூட், கீழே தள்ளினால் மஸ்கெலியா. ஒவ்வொரு லைனுக்கும் தனி நம்பர்.

அடுத்த மழையில் நோர்வூட் லைன் செத்துப்போனது. அப்போது அண்ணன் நெஞ்சுவலியோடு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். மஸ்கெலியா வழியாக வார்டுக்குப் பேசினேன். கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதானால் போன் செய்கிறோம், நேரே அங்கே போய்விடு என்றார்கள். மஸ்கெலியா நம்பரைக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நோர்வூட் லைன் சரியானது. தோட்டத்து மேனேஜர் தொரை கொழும்புக்குப் பேச வேண்டும், பழைய லைனில்தான் தெளிவாகக் கேட்கும், அதற்கே திருப்பு என்றார் கிளாக்கர் ஐயா. வார்டிலிருந்து மஸ்கெலியா நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ வேறப்பா. ரெண்டும் இந்தப் பலகைக்குத்தானே வருது? எதுல வந்தாலும் மணி அடிக்கும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கைப்பிடியை மேலே தள்ளினேன். சாயந்திரம் வரை அங்கேயே இருந்தேன். தொரைக்கு மட்டும் அழைப்பு வந்தது. அண்ணனைக் கண்டிக்கு அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் ஹட்டன் போய், ரயிலில் நானுஓயா இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார்.

"அண்ணன நேத்தே கண்டிக்கு ஏத்திட்டாங்களே தம்பி," என்றார் வார்டில் வேலை செய்தவர். "திரும்பத் திரும்ப அடிச்சுப் பாத்தோம். யாரும் எடுக்கலியே."

ஏற்றும்போது அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"குளிருதுன்னாரு. போர்வ குடுத்தோம்."

சரிங்க என்று சொல்லிவிட்டுக் கண்டி பஸ் ஏறினேன். அண்ணன் விடியும்போதே இறந்திருந்தார். கூட ஆள் யாரும் இல்லாததால் யாருக்குச் சொல்வதென்று தெரியவில்லை என்றார்கள்.

கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த லைனுக்குத்தான் மணி அடிக்கும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காரியம் முடிந்து வேலைக்குப் போனபோது கிளாக்கர் ஐயா ஆள் பிடித்து இன்னொரு மணி மாட்டியிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், இனி ரெண்டுமே அடிக்கும் என்றார். ஒரே நேரத்தில் அடித்தால், தொரைக்கு அழைப்பு வரும் நோர்வூட்டை முதலில் எடுக்கச் சொன்னார். அப்படியே எடுத்தேன்.