கண்ணாடிக் குழாய்க்குள் கடல்

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி எனக்குப் பிடித்தது, ஆம்ஸ்டர்டாமில் மாமா ஒரு நீல அட்டையை என் உள்ளங்கையில் வைத்த காலையில்தான். நான் அப்போது நாலாம் வகுப்பு. மாமா உம்மாவின் தம்பி. அந்த நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. பள்ளிக்கூட லீவுக்கு வாப்பா, உம்மா, நான் மூவரையும் இலங்கையில் எங்கள் ஊரான கல்முனையிலிருந்து வரவழைத்திருந்தார்.

அந்த அட்டை சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கான பாஸ். வாசலில் நிற்கும் மெஷினில் தொட்டால் பச்சை வெளிச்சம் எரியும், கதவு திறக்கும். எங்கள் ஊரில் எந்தக் கதவும் திறப்பதற்கு முன் "நீ யார்ர மகள்?" என்று ஒரு கேள்வி வரும். இங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நூதனசாலை திறந்தது, கோபுரத்து லிஃப்ட் திறந்தது, பாய்மரக் கப்பல்கூடத் திறந்தது. உலகமே எனக்காகத்தான் பூட்டி வைக்கப்பட்டிருந்தது போலவும், சாவி கிடைத்துவிட்டது போலவும் இருந்தது.

ஒரேயொரு சிக்கல். முதல் தடவை தொட்டதிலிருந்து பாஸ் ஓடத் தொடங்கும். மறுநாள் அதே நேரத்துக்குச் செத்துவிடும்.

"தொட்டாப் பொறகு நிப்பாட்ட ஏலா" என்றார் மாமா. "நீ நித்திரை கொண்டாலும் அது ஓடும்."

அதனால் மாமா எங்களை மாடு சாய்க்கிற மாதிரி விரட்டிச் சாய்த்துக்கொண்டு போனார். ஓவியங்களுக்கு முன்னால் வாப்பா கொஞ்சம் நின்றால், "மச்சான், நடங்க, நடந்துக்கிட்டே ரசிங்க" என்பார். ட்ராமில் போகும்போது, இந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது என்று ஏதோ கடை விலாசம் சொல்வது போலச் சொன்னார். வாப்பா சாகாமம் என்ற ஊரில் வயல் எடுத்து வேளாண்மை செய்கிறவர். தண்ணீர்க் கதை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப தண்ணி எங்கால வடியிது?"

"வடியாது மச்சான். இறைக்கிற."

"எத்தின நாளைக்கு?"

"எந்த நாளும்தான். நிப்பாட்டினா இவனுகள் முடிஞ்சானுகள்."

வாப்பா அதன்பிறகு எந்த ஓவியத்தையும் சரியாகப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் சப்பாத்துக்குக் கீழே தரையை மெதுவாக மிதித்துப் பார்த்தேன். கடலுக்குக் கீழே நடக்கிறேன், நனையவில்லை! உம்மா மட்டும் இரண்டு பக்கமும் வந்துகொண்டிருந்த வாய்க்கால்களையே மாறிமாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு எல்லாவற்றையும் விட அந்தக் கண்ணாடிக் கூரை போட்ட படகுகள்தான் வேண்டும். பாஸில் அதுவும் உண்டு. கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்தும் நான் ஒரு படகிலும் ஏறியதில்லை. உம்மா என்னைக் கடற்கரைக்கு விடவே மாட்டார். வீட்டுக்குள் மணல் வரும் என்பதுதான் காரணம் என்று நான் முழுமனதாக நம்பியிருந்தேன். வகுப்பில் போய்ச் சொல்ல எனக்கொரு படகுக்கதை வேண்டும். ஆகவே அதைக் கடைசிக்கு, இரண்டாம் நாளுக்கு, ஆசையோடு சேர்த்து வைத்திருந்தேன்.

மறுநாள் படகுத் துறையடியில் வந்து நின்றதும் உம்மா, "நீங்க போய் வாங்க. நான் இதில நிக்கிறன்" என்றார்.

"இஞ்ச பாருங்க, இது வாய்க்கால்தானே" என்றார் வாப்பா. "நம்மட வயல்ல வாய்க்கால் தாண்டுற இல்லியா?"

"இந்த வாய்க்கால் எங்க போய் விழுகுது?"

"கடலுக்கு."

"அப்ப இதுவும் கடல்தான்."

உம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக வாப்பா தயாரில்லை. மாமாவாவது அதட்டுவார் என்று பார்த்தேன். நேற்று முழுக்க எங்களைச் சாய்த்த மனிதர், இப்போது படகையும் பார்க்காமல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாஸ் முடியப்போவுது! பாஸ் முடியப்போவுது!" என்று நான் உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அழுகை வந்தது. அழுகையோடு மழையும் வந்தது.

நனையாமல் ஒதுங்க ஓடிப்போய் நுழைந்தது பக்கத்தில் இருந்த நகர மண்டபத்துக்குள். வாசலில் அட்டையைத் தொட நான் மெஷினைத் தேடினேன். இல்லை. யாரும் வரலாம், போகலாம். பாஸ் தேவைப்படாத இடத்தில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று எனக்கு ஒரு இளக்காரம்.

உள்ளே மூன்று கண்ணாடிக் குழாய்கள் நின்றன. மூன்றிலும் தண்ணீர்.

மாமா சொன்னார். இரண்டு குழாயில் இருப்பது இந்த நேரத்துக் கடலின் மட்டம். அங்கே கரையில் கடல் ஏறினால் இங்கே குழாயிலும் ஏறும், அங்கே வற்றினால் இங்கேயும் இறங்கும். நான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினேன். கடலை ஒரு குழாய்க்குள் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள்! மூச்சு விடுகிற மாதிரி அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அழுததும் மறந்துபோயிற்று.

மூன்றாவது குழாய் வேறு மாதிரி. அதில் தண்ணீர் எங்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே, வாப்பா கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்தில் நின்றது. முன்னொரு காலம் இந்த நாட்டுக்குள் கடல் புகுந்தபோது வந்த மட்டமாம் அது.

உம்மா அந்தக் குழாயடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இத என்னத்துக்குடா நடு ஊருக்குள்ள வெச்சிருக்கானுகள்? பயம் இல்லியா?"

"பயந்துதானே ராத்தா பம்ப் போட்டு வெச்சிருக்கானுகள்" என்றார் மாமா தன் அக்காவிடம்.

உம்மா சிரித்தார். பிறகு பக்கத்துச் சுவரோடு நெருங்கி, கால் பெருவிரலில் எம்பி, கையை உயர்த்திச் சுவரில் வைத்தார். "இம்மட்டு?" என்று மாமாவைக் கேட்டார். மாமா தலையாட்டவில்லை. கிட்டப் போய், உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, "யன்னலுக்கும் மேல ராத்தா" என்றார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

உயரம் அளக்கிற விளையாட்டு என்றுதான் நான் நினைத்தேன். ஓடிப்போய் உம்மாவின் விரலைத் தொடத் துள்ளினேன். எட்டவில்லை. மறுபடி துள்ளினேன். வாப்பா என்னைத் தோளில் பிடித்து மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார்.

உம்மா கையை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா புள்ள, படகுல ஏறுவம்" என்றார்.

துறையடிக்கு ஓடினோம். அட்டையைத் தொட்டேன். பச்சை எரிந்தது.

படகில் உம்மா என் கையை ஒரு தடவையும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதடசைய ஓதிக்கொண்டே வந்தார். ஒரு பாலத்தின் அடியில் இருட்டு வந்து விலகியபோதுதான் கண்ணைத் திறந்தார். கண்ணாடிக் கூரைக்கு மேலே தெரு கிடந்தது. மனிதர்கள் வானத்தில் சைக்கிள் ஓடினார்கள். "சுப்ஹானல்லாஹ்" என்றார் உம்மா. நான் மற்றப் பக்கம் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

வகுப்பில் படகுக்கதையை மட்டும்தான் சொன்னேன். குழாயைச் சொல்லத் தோன்றவேயில்லை.

வருடத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் யாசீன் ஓதி ஆட்களுக்குச் சாப்பாடு கொடுப்போம். அது உம்மாவின் மூத்த ராத்தாவுக்காக, நான் காணாத என் பெரியும்மாவுக்காக என்று தெரியும். நான் பிறப்பதற்கு முந்திய சுனாமிக் காலையில் பெரியும்மா தன் வீட்டு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதையும், அண்டை வீட்டு மாடிக்குப் போய்விட்ட உம்மாவும் மாமாவும் தண்ணீர் அந்த யன்னலைத் தாண்டி ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் வளர்ந்த பிறகு துண்டு துண்டாகத்தான் கேட்டறிந்தேன். அந்தச் சுவரில் நான் துள்ளித் துள்ளித் தொடப் பார்த்தது எந்த உயரத்தை என்று அன்று எனக்குத் தெரியாது.

இப்போது ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். பெரியும்மாவின் வீடு இருந்த வளவில் ஒரு சுவர் இன்னும் நிற்கிறது. வருகிற வெள்ளி ஜும்மா முடிய ஏணியோடும் பெயின்டோடும் அங்கே போகப்போகிறேன். தண்ணீர் ஏறிய உயரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். மாமா வீடியோ கோலில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உம்மா கையைத் தாழ்த்தி வைத்தால் திருத்த ஆள் வேண்டுமே. ஆனால் உம்மா இன்னும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நேற்று மீன் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார்:

"என்ன கலர் வாங்கப் போறாய்?"