ஒலீட்டா பிடித்துப் பார்த்த கைகள்

ஒலீட்டாவுக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பாத்திரத்தைத் தேய்ப்பாள், தேய்க்கும்போதே பின்கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். அவள் என் பெரியம்மா மகள். சாக்டா என்னும் அமெரிக்கப் பழங்குடிச் சனங்களாகிய எங்களுக்குப் பெரியம்மாவும் அம்மாதான், அவள் பெற்றதும் கூடப்பிறந்ததுதான். ஆகவே அவளைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு. அதில் நான் குறை வைத்ததும் இல்லை.

பெரியம்மா போனதிலிருந்துதான் அவளுக்கு இந்தப் பரபரப்பு. தோல் இறுகும் நோய். முதலில் குளிர் பட்டால் விரல் நுனி வெளுக்கும். பிறகு தோல் தடித்து விரல் மடங்கிக்கொள்ளும். கடைசியில் நுரையீரலும் அப்படியே இறுகும். ஓக்லஹோமாவின் இந்தத் தென்கிழக்கு மூலையில் எங்கள் சனத்தைத்தான் அது அதிகமாகத் தேடி வருகிறது. ஏன் என்று பார்க்கப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து ரத்தம் எடுத்தார்கள். ஒலீட்டா முதல் ஆளாய்க் கையை நீட்டினாள். நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

முடிவைச் சொன்னவள் எங்கள் மருத்துவமனை நர்ஸ் லவாடா.

"இங்க பாரு, எல்லாருக்கும் அம்மா வழியில ஒரு மரபணுக் கட்டு, அப்பா வழியில ஒரு கட்டு வருது. அதுல ஒரு வகைக் கட்டு இந்த நோய்க்கு இடம் குடுக்குது. உன்கிட்ட அது ஒண்ணு இருக்கு. இருந்தா வந்தே தீரும்னு இல்ல. இருக்கிறவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல வயசாகி வேற எதுலயோதான் போறாங்க."

"என் பொண்ணுக்கு?"

"பாதிக்குப் பாதி. இருக்கலாம், இல்லாமலும் போகலாம்."

ஒலீட்டாவின் காதில் 'இருக்கலாம்' மட்டும்தான் விழுந்தது. மகள் ரோவினாவோ டேரல் நோவாஹூபியைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்திருந்தாள். டேரலின் அம்மாவும் இதே நோயில் போனவள்.

"நம்ம வீட்டுல இருக்கிறது போதாதா? அங்கேருந்து வேற கொண்டு வரணுமா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள், நான் என்னவோ மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததுபோல.

எங்கள் தேவாலயத்தில் பாட்டு முடிந்ததும் எல்லாரும் வரிசையாக நகர்ந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுப்போம். தொட்டும் தொடாமலும் கொடுக்க வேண்டும். அழுத்திப் பிடிப்பது சண்டைக்காரன் வேலை. ஒலீட்டா அந்த வரிசையையே பரிசோதனைக்கூடம் ஆக்கிவிட்டாள். கையை விடமாட்டாள், விரல் விரலாகத் தடவுவாள், நகத்தைத் திருப்பிப் பார்ப்பாள்.

"ஒலீட்டா வர்றா, கையை அக்குள்ல வச்சு சூடாக்கிக்கோ" என்று கிழவர்கள் கேலி பேசினார்கள்.

தேவாலயத்தின் காட்டு வெங்காய விருந்தன்று அது முற்றிப்போனது. குளிர் விடாத நாள். விடிந்ததிலிருந்து எல்லாரும் ஓடைக்கரை ஈர மண்ணில் வெங்காயம் தோண்டிவிட்டு வந்திருந்தோம். யார் கைதான் சூடாக இருக்கும்? பாதிச் சபைக்கு நோய் என்று அவள் முகமே சொன்னது. டேரல் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

"வெளுத்திருக்கு பாரு. உங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

வரிசை நின்றுவிட்டது. செத்துப்போன தாயைப் பந்தி நடுவே இழுத்துவிட்டாள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

டேரல் மெதுவாகச் சொன்னான்: "வெங்காயம் தோண்டினேன் அத்தே."

ரோவினா அவனைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். மறுநாளே இருவரும் லவாடாவிடம் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது. பதில் வந்த அன்று ரோவினா அம்மா வீட்டு வாசற்படியில் நின்றபடியே சொன்னாள். நான் அங்கே இருந்தேன்.

"டேரல்கிட்ட அந்தக் கட்டு இல்லம்மா. அவங்கம்மாகிட்ட இருந்தது இவனுக்கு வரல. என்கிட்ட இருக்கு. நீ குடுத்தது."

"அவன் என்ன சொல்றான்?"

"எப்பக் கல்யாணம்னு கேக்கிறான்."

ஒலீட்டா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "வெர்ஜி, வண்டியை எடு. அவங்கப்பன்கிட்ட நானே சொல்லணும்." வழியெல்லாம் கார் கதவின் பிடியைத் திருகிக்கொண்டே வந்தாள். ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பார்த்தவளுக்குத் தன் வீட்டுச் சங்கதியை மறைக்க மனம் வரவில்லை. அந்த ஒன்றுக்காக அவளை நான் மன்னித்தேன்.

டேரலின் அப்பா ரேஃபர்ட் முற்றத்தில் வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். ஒலீட்டா நின்ற வாக்கில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உங்க பையனை நிறுத்துங்கண்ணே. இந்த வீட்டுல ஒரு தடவை பட்டது போதும்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "எம்மகனைக் கட்டலைன்னா ரோவினாவுக்கு வராம போயிடுமா?"

ஒலீட்டா தரையில் கிடந்த நட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"வராமலே போகட்டும். வந்துட்டா, வேற வீட்டுல அவ பட்டன் போட முடியாம நின்னா, ஏன் இப்படி நிக்கறேன்னு கேப்பாங்க. இங்க யாரும் கேக்க மாட்டோம். டேரல் பள்ளிக்கூடம் போற வயசுலயே அவங்கம்மாவுக்குப் பட்டன் போட்டுவிட்டவன். அவளுக்கு வாய் திறக்க முடியாம போனப்ப, பச்சைப்புள்ளைக்கு ஊட்டுற கரண்டியா பாத்து வாங்கினேன். இன்னும் டிராயர்லதான் கெடக்கு. எறிய மனசு வரல."



"சும்மாவே கெடந்தா கறுத்துப்போயிருக்கும்" என்றாள் ஒலீட்டா.

யாரும் அழைக்காமலே அவர் வீட்டுக்குள் போனாள். டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு குழாயில் தண்ணீர் விழும் சத்தம். ரேஃபர்ட் குனிந்து அடுத்த நட்டை முடுக்கினார். உள்ளே ஒலீட்டா கரண்டிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.