அப்பன் முகம் பார்க்காதவள்

கென்டக்கி மலைப்பக்கம் எந்தக் குழந்தைக்கு வாயில் வெள்ளை படிந்து பால் குடிக்க முடியாமல் போனாலும் ஓர்லீனா வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மூன்று நாள் காலையில் வாய்க்குள் ஊதுவாள், சரியாகிவிடும். அப்பன் முகத்தைப் பார்க்காத பிள்ளைக்கு மட்டும் வாய்க்கிற வரம் அது. அவள் வயிற்றில் இருக்கும்போதே ஒஹாயோவுக்கு டயர் கம்பெனி வேலைக்கென்று போன அப்பன் ராஸ்கோ, போனவன் போனவன்தான். அம்மா ஆத்திரத்தில் அவன் போட்டோக்களையெல்லாம் அடுப்பில் போட்டாள். நல்ல வரம் போங்கள்! ஊர்ப் பிள்ளைகள் பால் குடித்தன. இவள் ஐம்பத்தெட்டு வயதுவரை கண்ணாடி முன்னால் நின்று, இந்த மூக்கு யாருடையது என்று ஏங்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம் ஒஹாயோவிலிருந்து ஒருவன் போன் செய்தான். ராஸ்கோவுக்கு அங்கே பிறந்த மகனாம். அப்பா இறந்துவிட்டார், சனிக்கிழமை அடக்கம் என்றான்.

பக்கத்து வீட்டு வெர்டிதான் காரில் கூட்டிப்போனாள். வழியெல்லாம் ஒரே பாட்டு.

"போ, அழு, பூ வை. பெட்டிக்குள்ள மட்டும் எட்டிப் பாத்துடாதடி. பாத்தா வரம் போயிடும். அடுத்த மாசம் என் மகளுக்குப் பிரசவம்."

"சரிக்கா, சரிக்கா. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

தேவாலயத்தில் பெட்டி திறந்திருந்தது. ஓர்லீனா வரிசையில் தலையைக் குனிந்தபடியே போனாள். கோட்டுப் பொத்தான்வரை பார்த்தாள். கடந்தும் விட்டாள். கதவருகே போனதும் கால் நகரவில்லை. இந்த முகம் இன்னும் அரைமணி நேரம்தானே மண்மேல் இருக்கும்! விறுவிறுவென்று திரும்பி வந்தாள். பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூட வந்தவர்கள் தோளைத் தொடும்வரை பார்த்தாள். மூக்கு அவருடையதுதான்.

மே மாதம் வெர்டி தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். குழந்தைக்கு வாயெல்லாம் வெள்ளை.

"ஊதுடி."

"நான்தான் பாத்துட்டேனேக்கா."

"அட, செத்த முகம்டி அது! உசிரோட பாத்தாத்தான் கணக்கு. ஊரே கூடிப் பேசி முடிவு பண்ணியாச்சு. சும்மா ஊது."

குழந்தை வீறிட்டது. ஓர்லீனா அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துத் தட்டிக்கொடுத்தாள். ஊதவில்லை.

"டவுன் டாக்டர்கிட்ட மருந்து இருக்காம். கெளம்பு, நானும் வரேன்."

"ஏண்டி இவ்வளவு வீம்பு? கணக்கில்லைன்னுதான் சொல்றாங்களே!"

ஓர்லீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது கணக்கில்லைன்னா, நான் எங்கப்பாவப் பாக்கவே இல்லைன்னு ஆயிடுமேக்கா."