சாட்சி இல்லாத ஈரம்

அவர் கனவில் எப்போதும் ஒரு ஆறு வரும். கரையோரமாக லாரியை மெல்ல ஓட்டிக்கொண்டு வருவார். பாதை தன்பாட்டுக்குத் தண்ணீருக்குள் இறங்கும். என்ஜின் சத்தம் அடங்கி லாரி மிதக்கத் தொடங்கும். முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஏறும். அப்படி ஒரு சுகம். சரியாக அந்தச் சுகத்தின் நடுவில் விழிப்புத் தட்டிவிடும். விழித்துப் பார்த்தால் ஆறு போயிருக்கும், ஈரம் மட்டும் இருக்கும்.

தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பனி மூடிய மலை வளைவு ஒன்றில் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பில் அடி வாங்கினார். ராணுவ ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த சிப்பாய்க்கு ஒரு கால் போயிருந்தது. காலைப் பறிகொடுத்தவனே வாயைத் திறக்காமல் கிடக்கும்போது, தனக்கு ஒண்ணுக்கு அடங்கவில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? டாக்டர் கேட்டபோது முதுகுவலி மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றுவதிலேயே மனுஷனுக்குப் பாதி ஆயுள் போயிற்று.

காப்பாற்றியதும் லேசுப்பட்ட விதத்தில் இல்லை. ஊர் எழுந்திருக்கும் முன் எழுந்து தன் விரிப்பைத் தானே துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுவார். கேட்டால் பட்டாளத்துப் பழக்கம் என்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காருவார், தண்ணீர் டம்ளரை மட்டும் தொடமாட்டார். பேருந்தில் கதவோர இருக்கை கிடைக்காவிட்டால் அந்தப் பேருந்தையே விட்டுவிடுவார். ஊரில் எந்தக் கழிப்பறை எப்போது பூட்டியிருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று செய்தார். அடிபட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே, உள்ளறையில் புழுக்கம் தாங்கவில்லை என்று சொல்லித் தன் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து அக்கம்பக்கத்துக்குத் துணி தைப்பவள். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தனிக் கட்டிலுக்கென்று புதிதாக ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். விஷயம் இத்தனை சுலபமாக முடிந்ததே என்று அன்றைக்கு அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். பாவம், விவரம் தெரியாதவர்.

வருஷங்கள் ஓடின. கடைசியில் சிறுநீர்க் கோளாறு பார்க்கும் டாக்டர் ஒருவர் விஷயத்தைக் கண்டுபிடித்தார். விபத்தில் நரம்பு கெட்டிருக்கிறது, சின்னதாக ஒரு கருவியை உள்ளே வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். சொந்தச் செலவில் ஆகிற காரியம் இல்லை. பணியில் பட்ட அடியால் வந்த குறை என்று ராணுவ மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் சிகிச்சையும் கிடைக்கும், உதவித்தொகையும் கிடைக்கும். டிரைவர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதன்பிறகு உள்ளறையிலேயே படுக்கலாமா என்று. டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. எங்கே வேண்டுமானாலும் படுங்கள் என்று சிரித்தார்.

அன்றிலிருந்து டிரைவர் கால் தரையில் பாவாமல் திரிந்தார். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் மனசு உள்ளறையிலேயே கிடந்தது. ஜன்னல் வழியே விழும் வெயில், சுவரோரம் அவள் முதுகு, வளையல் கழற்றி வைக்கும் சத்தம்.

குழுவின் முன்னால் போகவேண்டிய நாளில் அவர் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். முந்தின நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. குளித்து, சவரம் செய்து, கறுப்புப் பேண்ட்டை விறைப்பாக இஸ்திரி போட்டு, பூட்ஸைப் பளபளவென்று துடைத்துக்கொண்டார். குறையைக் காட்டப் போகிறவர் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி கிளம்பினார். முதுகுவலிக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லியிருந்ததால் துணைக்கு அவளும் வந்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் பச்சைச் சுவர்கள், உயரத்தில் சோம்பலாகச் சுற்றும் மின்விசிறிகள். பழைய சிப்பாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் தரையில் அசைந்துகொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கூடமே மெல்ல மிதப்பதுபோல் தோன்றியது. கண் சொருகியது. பெயர் கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்து, பேண்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

என்ன தொந்தரவு என்று குழுவின் தலைமை டாக்டர் கேட்டார். நடுத்தர வயதுப் பெண்மணி. டிரைவரின் குதிகால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன. "ஒண்ணும் இல்ல மேடம்" என்று வாய் சொல்லிவிட்டது. பிறகு டாக்டர்தான் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். பரிசோதனையில் நரம்பு பலவீனம் தெரிகிறது, ஆனால் அது விபத்தால் வந்தது என்பதற்கு எதுவும் இல்லையே என்றார். அந்தக் காலத்துக் குறிப்பில் முதுகுவலி மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகும், சிறுநீர் டாக்டர் கண்டுபிடிக்கும்வரை, அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"கூட இருக்கறவங்க ஒருத்தர் சொன்னாக்கூடப் போதும். இல்லன்னா நான் எதை வெச்சு எழுதறது?"

மறைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரராக இருந்துவிட்டார். வெளியே வந்து மனைவி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி, மலை வளைவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, என்னைப் பிடிக்காமப் போனதால இல்லையா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவர் தன் மானத்தை முன்னறையில் பூட்டிவைத்துக் காத்த காலமெல்லாம், உள்ளறையில் ஒருத்தி தன்மேல் என்ன குறை என்று கண்ணாடி முன் நின்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்படி ஒன்று இருக்கும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்" என்றாள். கோபமாகவே சொன்னாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, நேராக டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள்.

நீங்கள் எதையாவது பார்த்திருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். பார்த்ததில்லை என்று அவள் உள்ளதைச் சொன்னாள். ஆனால் தெரிந்ததை எல்லாம் சொன்னாள். அடிபட்டு வருவதற்கு முன் வெள்ளைப் பேண்ட் என்றால் உயிராக இருந்தவர், அதன்பிறகு கறுப்புத் துணியைத் தவிர எதையும் தைக்கக் கொடுத்ததில்லை. விடுமுறையில் வந்த முதல் வாரத்திலேயே விரிப்பைத் துவைக்க ஆரம்பித்தார். பக்கத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளமாட்டார். குழந்தைகளைப் பிடிக்காது போலிருக்கிறது என்று மருமகன் வருத்தப்பட்டிருக்கிறார்.

"தூக்கத்துல சிரிப்பாரு மேடம். கொஞ்ச நேரத்துல எழுந்து உக்காந்துப்பாரு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேன்."

தான் புதைத்துவைத்தது ஒவ்வொன்றும் அவளிடம் பத்திரமாக இருந்ததை, பின்னாலேயே உள்ளே வந்த டிரைவர் கேட்டுக்கொண்டு நின்றார். டாக்டர் நிறைய எழுதினார். தன் பரிந்துரை சாதகமாகவே இருக்கும், மேலிடத்து உத்தரவுக்குத்தான் கொஞ்ச காலம் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

கூடத்துக்கு வந்ததும் டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆபரேஷன் முடியட்டும். அப்புறம் உள்ள வந்து படுத்துக்கறேன்."

"அதுவரைக்கும் எதுக்கு? நனைஞ்சா மாத்திட்டுப் படுப்போம். தள்ளிப் படுங்கன்னு சொல்றதுக்காவது எனக்கு ஒரு ஆள் வேணும்ல."

அத்தனை பழைய சிப்பாய்களும் பார்த்துக்கொண்டிருக்க, டிரைவர் நின்ற இடத்திலேயே அழுதார்.