நெய்வேலி: மாப்பிள்ளையின் ஒருசந்தியை முறிக்கப் போன பயணம்

இந்த வலைப்பூவில் நான் இதுவரை எழுதியதெல்லாம் திருத்தலங்கள். நெய்வேலி திருத்தலம் அல்ல. தவக்காலத்தின் நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை, விழுப்புரத்திலிருந்து அங்கே போனேன். ஒரு மனிதனைச் சோறு தின்ன வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும், அதுதான் வேலை. வேறு நோக்கம் கிடையாது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு என்னைப் பற்றி நாலு வரி. படிப்பு எட்டாவது. ஒன்பதாவது என்றும் சொல்லலாம், இரண்டு மாதம் போனேன். அரிசி ஆலையில் முப்பது வருடம் பொறுப்பான பதவி, கேட் சாவியே என்னிடம்தான் இருக்கும். ஏழு வருடமாக, தினமும் காலை நாலரை மணிக்கு அன்றைய திருப்பலி வாசகத்துக்கு ஒரு சிந்தனை எழுதி வாட்ஸப் குழுவில் போடுகிறேன். மூன்று மறைமாவட்டங்களில் படிக்கிறார்கள். ஒரு சாமியார் அதை வரி மாறாமல் பிரசங்கத்தில் வைத்தார் என்று கேள்வி. குழுவில் ஆயிரம் பேர். போன் முன்னூற்று நாற்பது என்றுதான் காட்டும், மற்றவர்கள் அவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று ஒரு சாட்சியம் எழுதினேன். போன தவக்காலம் முழுக்க, நாற்பது நாளும், தண்ணீர் மட்டும் குடித்து ஒருசந்தி இருந்தேன் என்றும், பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்த மூன்றாம் நாள் என் மகனுக்கு நிரந்தர வேலை வந்தது என்றும், இந்த வருடமும் ஆரம்பித்துவிட்டேன் என்றும். ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் உண்பது. திருச்சபை அதையும் இரண்டே நாள்தான் கேட்கிறது. அறுபது முடிந்த எனக்கு அதுவும் கட்டாயம் இல்லை. நாற்பது நாளும் தண்ணீரும் நான் சேர்த்த மசாலா. எழுதியபோது மணமாகத்தான் இருந்தது. நூற்றுப்பத்து பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை என் தங்கை பிலோமினா போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாப்பிள்ளை, அந்தோணிசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. நெய்வேலி சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை, பர்மனென்ட் லிஸ்ட்டில் இன்னும் பெயர் வரவில்லை. பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி.

"அண்ணே, அவரு இருவத்தாறு நாளா சோறு தொடல. பொழுது சாஞ்சா ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணி, அவ்ளோதான். மாத்திர இல்ல, ஊசி இல்ல. ஷூ கடிச்ச புண்ணு, காலு நாறுது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்றாரு. கேட்டா, மச்சான் இருக்காரு, நான் இருக்கக் கூடாதான்றாரு. நீ வந்து நிறுத்து. இல்லனா வந்து பொதைச்சிட்டுப் போ."

அன்றே கிளம்பியிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை இஸ்திரிக்குப் போயிருந்தது. ஒரு நாள் தள்ளினேன். அந்த ஒரு நாளைப் பற்றி டாக்டரிடம் பிறகு கேட்கவில்லை, கேட்கப் பயம்.

செவ்வாய் காலை 6.40க்கு விழுப்புரத்தில் பஸ். டிக்கெட் 48 ரூபாய், தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் அந்தப் பக்கம். 7.35க்குப் பண்ருட்டி. அங்கே வண்டி கால் மணி நேரம் நிற்கும். பஸ் நிலையத்துக்கு எதிரே நாலு இட்லி, இரண்டு வடை, காபி, 80 ரூபாய். சட்னி நன்றாக இருந்தது. பண்ருட்டி தாண்டினால் சாலை வேலை நடக்கிறது, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். முந்திரித் தோப்புகள் முடியும் இடத்தில், தூரத்தில் மலை மாதிரி தெரிவது மலை அல்ல, சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண். என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மலை என்றே நினைத்துக் கும்பிட்டார்.

8.50க்கு ஆர்ச் கேட். மாப்பிள்ளை வீடு நகரியத்துக்கு உள்ளே இல்லை. வட்டம் வட்டமாக எண் போட்ட குவார்ட்டர்ஸ் எல்லாம் பர்மனென்ட் ஆட்களுக்கு. காண்ட்ராக்ட்காரர்கள் வெளியே தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய். 200 கேட்பார்கள். ஓட்டுநர் பெயர் நசீர்.

"பாய், ஒங்களுக்கு ஒரு டீ சொல்லட்டுமா?"

"வேணாங்க சார், நோன்பு."

அதைக் கேட்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எனக்கும் தவக்காலம் பாய். நாப்பது நாளு. தண்ணி மட்டும்தான்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்ப மீசையில இன்னா சார், சட்னியா?"

துடைத்துக்கொண்டேன். பேச்சை மாற்ற, வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சுகர் இருக்கறவங்க நோன்பு வைக்க வேணாம்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாருங்க. எங்கம்மா இந்த வருஷம் வைக்கல, அதுக்குப் பதிலா தெனம் ஒரு ஏழைக்குச் சோறு போட்டுகினு இருக்கோம். ஒங்க சாமியாரு சொல்லலியா?"

"சொல்லியிருப்பார்."

"அப்ப யாரு பேச்சக் கேட்டுகினு இருக்காரு அவரு?"

"யாரோ வாட்ஸப்புல எழுதறாங்களாம்" என்றேன்.

"அவன் கையில கெடச்சா ஒரு நாளு ஊசி போடாம பட்டினி போடணும் சார்" என்று சொல்லி கியரை மாற்றினார். வீடு வந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும், காத்திருங்கள் என்றேன். வேப்ப மர நிழலில் நிறுத்திக்கொண்டார்.

வாசலிலேயே நாற்றம் வந்தது. எலி செத்த மாதிரி. பிலோமினா சாம்பிராணி போட்டிருந்தாள், அதையும் மீறி வந்தது. மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பது கிலோ இளைத்திருந்தார் என்று எழுதத்தான் கை வருகிறது. கன்னம் உள்ளே போயிருந்தது, சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. அவ்வளவு சொன்னால் போதும். வலது காலில் வேட்டித் துணி சுற்றியிருந்தது. துணியின் ஓரமாக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை, அந்தக் காலில் உணர்ச்சி இல்லை.

மடியில் நூறு பக்க நோட்டு. அன்று காலை நான் போட்ட சிந்தனையை எழுதிக்கொண்டிருந்தார்.

"வா மச்சான். இன்னிக்கு வாசகம் படிச்சிகினு இருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் கொளத்துக்கிட்ட படுத்துகினு இருந்தானே, அவன். தண்ணி கலங்கறப்ப மொதல்ல எறங்கறவனுக்குத்தான் வியாதி போவும், இவன் எறங்கப் போனா, முன்னாடி வேற ஒருத்தன் எறங்கிடறான். நம்ம பர்மனென்ட் லிஸ்ட்டு மாதிரியே இருக்குல்ல?"

ஏழு வருடத்தில் அப்படி ஒரு சிந்தனை நான் எழுதியதில்லை.

நோட்டை வாங்கிப் புரட்டினேன். சாம்பல் புதனிலிருந்து ஒரு நாள் விடாமல், என் எழுத்துப் பிழையோடு, நீல மையில். முதல் பக்கத்தில் 'தண்ணீர் மட்டும்' என்பதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். 'மகனுக்கு நிரந்தர வேலை' என்பதற்கு இரண்டு கோடு.

"மொத நாளு தண்ணி மட்டும்தான் மச்சான். மூணாம் நாளு ஷிப்ட்ல விழுந்துட்டேன். அதான் கஞ்சித் தண்ணி. ஒன் அளவுக்கு நமக்கு விசுவாசம் பத்தல."

"மாத்திரைய ஏன் நிறுத்தினீங்க மாப்ள?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்னுதான போட்டுருக்கு? சாப்பாடே இல்ல, அப்புறம் இன்னா மாத்திர?"

பிலோமினா சுவரோரம் நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்தேன். என்னவென்று? ஆயரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார், இந்த வருடம் உங்கள் குடும்பத்துக்கு ஒருசந்தியிலிருந்து விலக்கு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், கடிதம் வீட்டில் இருக்கிறது என்று. சொல்லிக்கொண்டு போகும்போதே ஆயர் எனக்கு டீ போட்டுக் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "விலக்கு வாங்கறது பெருசு இல்ல மச்சான். பங்குச் சாமியாரே வூட்டுக்கு வந்து சாப்புடச் சொன்னாரு. ஆனா அவரு சாப்புடறாரு. நீ சாப்புடல."

தங்கையிடம், "சோறு இருந்தா போடு" என்றேன். ரசம் சோறு கொண்டுவந்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து ஐந்து வாய் சாப்பிட்டேன். அந்த நாற்றத்தில் சோறு இறங்கவில்லை, இறக்கினேன்.

"மாப்ள, நான் ஒரு நாளும் பட்டினி கிடக்கல. போன வருஷமும் இல்ல. இந்த வருஷமும் இல்ல. எழுதினது பொய்."

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னக் காப்பாத்த ஒன் ஒருசந்தியவே முறிக்கற. பொய்யும் சொல்ற. ஒன்ன மாதிரி ஆளு யாரு மச்சான்?"

நான் என்னென்னவோ சொல்லி ஊரை நம்ப வைத்தவன். உண்மையை ஒரே ஒருவரை நம்ப வைக்க முடியவில்லை. போனை எடுத்தேன். என் மனைவி தெரேசாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"தெரேசா, நேத்து நான் இன்னா சாப்டேன்?"

"இத்தக் கேக்கத்தான் போன் பண்ணியா? காலையில ஆறு தோச. மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு, ரெண்டு தபா போட்டுகின. ராத்திரி மிச்சக் கொழம்பு."

"வெள்ளிக்கிழமை?"

"ஆட்டுக்கால் சூப்பு. தவக்காலத்துல வெள்ளிக்கெழம வேணாம்னேன், முட்டி வலின்னு கெஞ்சின. ஏன், ஒன் ஆயிரம் பேருக்கு மெனு அனுப்பப் போறியா?"

பிலோமினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் விடவில்லை. "நம்ம பையனுக்கு வேலை எப்படி வந்தது?"

"அவன் மாமனார் காலுல விழுந்தமே, மறந்துட்டியா? தவக்காலத்துக்கு முன்னாடியே அவரு பேசி முடிச்ச வேலையாச்சே. இன்னாயா ஆச்சி ஒனக்கு, எங்க இருக்கற?"

போனை அணைத்தேன். மாப்பிள்ளை நோட்டை என்னிடமிருந்து வாங்கினார். முதல் பக்கத்தை எடுத்து, கோடு போட்ட இடத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். பேனா மை, போகவில்லை. வெகுநேரம் தேய்த்தார்.

"இதுல எதுதான் நெசம் மச்சான்?"

"மேல எழுதியிருக்கிற வாசகம். அதுக்குக் கீழ எல்லாம் நான்."

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "பிலோ, கஞ்சி கொஞ்சம் கெட்டியா குடு" என்றார். குடித்தார். நெஞ்சில் கொஞ்சம் சிந்தியது. நசீரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். நசீர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்ளவில்லை. நான் கட்டியிருந்தேன், அவரைப் பார்த்துவிட்டு அவிழ்த்தேன்.

நெய்வேலியில் முதலில் பார்த்த டாக்டர் கடலூருக்கு எழுதிக் கொடுத்தார். ஆம்புலன்சில் ஒரு மணி பத்து நிமிடம். கடலூர் டாக்டர் துணியைப் பிரித்ததும் கேட்டது ஒன்றே ஒன்று: "பத்து நாள் முன்னாடி எங்கே இருந்தீங்க?" விரலை மட்டும் எடுத்திருப்பாராம். வியாழக்கிழமை காலை, கணுக்காலுக்கு மேலே ஆறு விரற்கடை விட்டு எடுத்தார்கள். உயிர் நின்றது.

முந்தின நாள் ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாப்பிள்ளை என்னைக் கேட்டார், "பர்மனென்ட் லிஸ்ட்டுக்கு ரெண்டு காலும் கேப்பாங்களா மச்சான்?" ஆண்டவர் நினைத்தால் ஆகும், ஒரு காலோடு மேனேஜர் ஆன ஒருத்தரை எனக்குத் தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் பெயர்கூட வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "கேப்பாங்க மாப்ள" என்றேன்.

குழுவில் நடந்ததை எழுதினேன். நாற்பது பேர் வெளியேறினார்கள், மற்றவர்கள் பேசவில்லை. இப்போது நாலரைக்கு வாசகம் மட்டும் போகிறது. விசுவாசத்தில் வளர்வது எப்படி என்று ஏழு வருடம் எழுதியவன், இரண்டு வாரமாக ஒரு வரி எழுதவில்லை. படிக்கிறேன். குளத்தருகே கிடந்தவனைத் தாண்டி முதலில் இறங்கியவர்களில் ஒருவனாகவே என்னைக் காண்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நோயாளியைப் பார்க்கப் போனால் காலையிலேயே போங்கள், ஒரு நாளும் தள்ளாதீர்கள். ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒருசந்தி இருக்க நினைத்தால் டாக்டரைக் கேளுங்கள், பங்குச் சாமியாரைக் கேளுங்கள். நாற்பது நாள் தண்ணீர் என்று யாராவது சாட்சி சொன்னால், அவர் வீட்டுக்காரம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு இந்த வருடம் பன்னிரண்டு பேரில் ஒருவராக மாப்பிள்ளையின் பெயரை அவர்கள் தெருவின் ஜெபக் குழுவான அன்பியத்தில் முன்பே கொடுத்திருந்தார்கள். சாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்து, வேறு ஆளைப் போடட்டுமா என்று தயங்கிக் கேட்டார். "எடுத்துடாதீங்க சாமி. இன்னும் ஒன்னு இருக்குல்ல" என்றார் மாப்பிள்ளை. பிறகு என் பக்கம் திரும்பாமல், "வண்டிய அவரு தள்ளட்டும்" என்றார்.

பூசை மாலை ஆறரைக்கு. ஆர்ச் கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ 20 ரூபாய். ஐந்தே முக்காலுக்கு வந்தால் உட்கார இடம் கிடைக்கும். வரிசைக் கடைசியில் சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கால் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பின்னால் நிற்பவனைக் கேளுங்கள், கூட்டாமல் சொல்வான்.